கொச்சிக் கால்

வீங்கிய ஒரு காலுக்கு நானூறு ஆண்டுகளாக விளக்கம் சொல்லி வருகிறார்கள். விளக்கம் மாறும்போதெல்லாம் பொறுப்பாளியும் மாறுகிறார்.

ஒவ்வொரு ஊருக்கும் பெயர் வாங்கித்தர ஏதோ ஒன்று இருக்கிறது. திருநெல்வேலிக்கு அல்வா, மணப்பாறைக்கு முறுக்கு, காஞ்சிபுரத்துக்குப் பட்டு. கொச்சி என்றால் மிளகும் சீன வலையும். ஆனால் 18-ம் நூற்றாண்டில் இந்தப் பக்கம் வந்துபோன ஆங்கிலேயர்களுக்குக் கொச்சி என்றதும் இன்னொன்றும் நினைவுக்கு வந்தது. யானைக்கால் நோயை அவர்கள் 'கொச்சின் லெக்' என்றார்கள். 1757-ல் இங்கே வந்த கடற்படை டாக்டர் எட்வர்ட் ஐவ்ஸ், ஊரில் இத்தனை பேருக்கு இப்படிக் கால் இருப்பதைத் தன் பயணக் குறிப்பில் பதிவு செய்திருக்கிறார். ஆங்கிலோ-இந்தியச் சொற்களின் புகழ்பெற்ற அகராதியான 'ஹாப்சன்-ஜாப்சன்', இந்தச் சொல்லுக்குத் தனிப் பதிவே தந்திருக்கிறது.

மட்டாஞ்சேரியில் உள்ள கொச்சங்காடி அந்தப் பழைய கொச்சியின் ஒரு மூலை. 1340-களில் இங்கே ஒரு யூத ஜெபக்கூடம் எழுந்தது. கூடம் போய்விட்டது, அதன் கல்வெட்டு மட்டும் யூதத் தெருவில் உள்ள பரதேசி ஜெபக்கூடத்தில் பத்திரமாக இருக்கிறது. செம்புத் தகடு வேய்ந்ததால் 'செம்பிட்ட பள்ளி' என்று பெயர் பெற்ற, 16-ம் நூற்றாண்டைச் சேர்ந்த மசூதி இன்னும் கம்பீரமாக நிற்கிறது. சுற்றிலும் கொங்கணிகள், குஜராத்திகள், கட்ச்சி முஸ்லிம்கள், தமிழர்கள். நடந்தே கடந்துவிடக்கூடிய பரப்புக்குள் இத்தனை மொழி, இத்தனை சாமி. கொசுவுக்கு மட்டும் எல்லோரும் ஒன்றுதான். கடல் மட்டத்துக்குச் சற்றே மேலே கிடக்கும் பூமி. கொஞ்சம் தோண்டினாலே தண்ணீர். கடல் ஏறும்போது ஏறி, இறங்கும்போது இறங்கும் கால்வாய்கள். அவை தூர்ந்துபோனால் ஏறவும் வழியில்லை, இறங்கவும் வழியில்லை.

யானைக்கால் பெரும்பாலும் உயிரைப் பறிப்பதில்லை. அதனாலேயே அது தலைப்புச் செய்தி ஆவதில்லை. கொசுக்கடி வழியாக உடம்புக்குள் வரும் நூல் போன்ற புழு நிணநீர்க் குழாய்களில் குடியேறுகிறது. குழாய் கெட்டு, நீர் தேங்கி, கால் வருடக்கணக்கில் மெல்ல மெல்லப் பெருக்கிறது. ஆண்களில் பலருக்கு விரைவீக்கம். 2000-ல் உலக சுகாதார நிறுவனம் ஒழிப்புத் திட்டத்தைத் தொடங்கியபோது 12 கோடிப் பேருக்கு இந்தத் தொற்று இருப்பதாகவும், அவர்களில் 4 கோடிப் பேர் இதனால் உருக்குலைந்தோ முடங்கியோ போனதாகவும் கணக்கிட்டது. நீண்ட கால ஊனத்துக்கு உலகின் முக்கியக் காரணங்களில் இதுவும் ஒன்று.

ஊனம் என்பது எங்கே இருக்கிறது? உடம்பிலா, உடம்பு நடமாடும் ஊரிலா, பார்ப்பவர் கண்ணிலா, அரசாங்கக் காகிதத்திலா? கருத்தரங்கத் தலைப்பு மாதிரி தோன்றும் இந்தக் கேள்விக்கு உதாரணம் தேடி எங்கும் போக வேண்டாம். கொச்சிக் காலின் கதையே போதும்.

மயிலாப்பூர் சாபம்

முதலில் சொல்லப்பட்ட காரணம் பாவம். 1583 முதல் சுமார் ஐந்தாண்டுகள் கோவாவில் ஆர்ச்பிஷப்பிடம் செயலாளராக இருந்த டச்சுக்காரர் வான் லின்ஸ்கோட்டன், 1596-ல் வெளியிட்ட நூலில் ஒரு கதை சொல்கிறார். கதையின் களம் நம் மயிலாப்பூர். புனித தோமாவைக் கொன்றவர்களின் வம்சத்தார் ஒரு கால் மட்டும் யானைக்கால் போலப் பருத்துப் பிறக்கிறார்கள் என்பது கதை. சுமார் 130 ஆண்டுகள் கழித்து, 1727-ல் அலெக்சாண்டர் ஹாமில்டன் என்ற ஸ்காட்லாந்துக் கப்பல் தலைவர் கொச்சியைப் பற்றி எழுதும்போதும் அதே சாபம் எட்டிப் பார்க்கிறது. மயிலாப்பூரில் பிறந்த கதை கொச்சிவரை நடந்து வந்துவிட்டது.

சாபம் என்று சொல்லிவிட்டால் பல வேலைகள் மிச்சம். சாக்கடை வெட்ட வேண்டாம், மருந்து தேட வேண்டாம். பாதிக்கப்பட்டவரே குற்றவாளி, அவர் இல்லாவிட்டால் அவருடைய பாட்டன். லின்ஸ்கோட்டனின் கதையை இன்று யாரும் நம்பப்போவதில்லை. ஆனால் அதன் எலும்புக்கூடு உயிரோடுதான் இருக்கிறது. 'அந்தக் குடும்பத்தில் கால் வீக்கம் உண்டு' என்ற ஒரு பேச்சே கல்யாணத்தைக் கலைக்கப் போதுமானது. யானைக்கால் பரம்பரை நோயே அல்ல. ஒரே வீட்டில் இரண்டு பேருக்கு வந்தால் காரணம், இருவரும் ஒரே திண்ணையில் படுத்து ஒரே கொசுவிடம் கடி வாங்கியதுதான். தொட்டாலோ சேர்ந்து சாப்பிட்டாலோ ஒட்டிக்கொள்வதும் இல்லை.

மலையாளிகளிடம் இதற்கு நேரெதிரான கதையும் இருக்கிறது. யானைக்காலை அவர்கள் 'மந்து' என்பார்கள். கொட்டாரத்தில் சங்குண்ணி தொகுத்த 'ஐதீகமாலை'யில் வரும் நாராணத்துப் பிராந்தன் மந்துக்காலன். கல்லை மலை உச்சிக்கு உருட்டி ஏற்றி, அது உருண்டு கீழே போவதைப் பார்த்துக் கைகொட்டிச் சிரிப்பவன். ஓர் இரவு சுடுகாட்டில் அவன் படுத்திருக்கும்போது நடனமாட வந்த பத்ரகாளி, எழுந்து போகச் சொன்னாள். அவன் அசையவில்லை. வேறு வழியில்லாமல் 'வரம் கேள்' என்றாள். என் ஆயுளில் ஒரு நாள் கூட்டு என்றான், முடியாது. ஒரு நாள் குறை என்றான்; அதுவும் முடியாது. 'சரி, இந்தக் கால் மந்தை அந்தக் காலுக்கு மாற்று' என்றான். அது முடிந்தது. பிரச்சினையைத் தீர்க்காமல் இடம் மாற்றி வைக்கும் காரியங்களை மலையாளிகள் இன்றும் இந்தக் கதையை வைத்துத்தான் கிண்டல் செய்கிறார்கள். நம் ஊர்க் கமிட்டிகள் பலவற்றுக்கு இது பொருந்தும்.

நாராணத்தான் 'பறயி பெற்ற பன்னிரண்டு குல'த்தில் ஒருவன். அந்தப் பன்னிரண்டு பேரில் ஒருவரான வள்ளோன், நம் திருவள்ளுவரேதான் என்று சொல்வாரும் உண்டு. அது ஐதீகம். ஆனால் குறளிலேயே இந்த விவகாரம் இருக்கிறது. 618-ம் குறள், 'பொறி' இல்லாமை பழி ஆகாது, அறிய வேண்டியதை அறிந்து முயலாமையே பழி என்கிறது. பொறி என்றால் என்ன? விதி என்று பொருள் கொண்டார் பரிமேலழகர். உடல் உறுப்பு என்று உரை எழுதும் இன்றைய உரையாசிரியர்களும் இருக்கிறார்கள். ஒரே சொல்லுக்குள் விதியும் உடம்பும் நின்று சண்டை போடுகின்றன. உறுப்பு என்றே எடுத்துக்கொண்டாலும் ஒரு சிக்கல் பாக்கி. பழி உறுப்பிலிருந்து இறங்கி முயற்சியின் தலையில் ஏறிவிடுகிறது. சாதித்துக் காட்டிய ஊனமுற்றவருக்கு மேடையில் சால்வை கிடைக்கும். சாதிக்காமல் சும்மா வாழ நினைப்பவரிடம், 'அவரால் முடிந்தது, உனக்கு என்ன?' என்ற கேள்விதான் வரும்.

பீப்பாய்த் தண்ணீர்

இரண்டாவது காரணம் தண்ணீர். இது முழுக்க மூடநம்பிக்கை அல்ல. யானைக்காலை 'ஸ்லீபதம்' என்று அழைக்கும் சுஸ்ருத சம்ஹிதை, பழைய நீர் தேங்கி நிற்கும், எல்லாப் பருவத்திலும் ஈரம் குளிர்ந்திருக்கும் பிரதேசங்களில்தான் இது அதிகம் என்கிறது. கொசுவைப் பற்றி எதுவும் தெரியாத காலத்தில் இடத்தைச் சரியாகவே சுட்டிக்காட்டியிருக்கிறார்கள்.

கொச்சியில் டச்சுக்காரர்கள், குடிக்கும் தண்ணீரால்தான் கால் வீங்குகிறது என்று நம்பினார்கள். ஹாமில்டன் தரும் தகவல் சுவாரசியமானது. வராப்புழையிலிருந்து தினமும் படகுகளில் சிறு பீப்பாய்களில் தண்ணீர் வந்தது. கம்பெனி ஊழியர்களுக்கு இலவசம், மற்றவர்களுக்குக் காசு. காசு இல்லாதவர்கள் ஊர்க் கிணற்றுத் தண்ணீரையே குடித்தார்கள். காரணத்தைத் தவறாகத்தான் புரிந்துகொண்டிருந்தார்கள். ஆனால் ஆபத்திலிருந்து யார் தப்பலாம், யார் தப்ப முடியாது என்று பிரித்த கோடு மிகத் துல்லியமாக இருந்தது. மேற்குக் கொச்சிக்குக் குடிநீர் இன்றும் ஓயாத கவலை. லாரி வரும் நாளும் வராத நாளும் எல்லா வீட்டிலும் ஒரே மாதிரி வலிப்பதில்லை.

புழு பிடிபட்டது

மூன்றாவது காரணத்தைக் கண்டுபிடித்தது மைக்ராஸ்கோப். 1872-ல் கல்கத்தாவில் டிமோதி லூயிஸ், மனித ரத்தத்தில் நெளியும் புழுக் குஞ்சுகளைப் பார்த்தார். 1876-ல் ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேன் நகரில் ஜோசப் பான்கிராஃப்ட் முதிர்ந்த புழுவைக் கண்டார். மறு ஆண்டு சீனாவின் அமாய் துறைமுகத்தில் பாட்ரிக் மான்சன், அந்தக் குஞ்சுகள் கொசுவின் உடலுக்குள் வளர்வதைக் கண்டறிந்தார். ஒரு பூச்சி மனித நோயைச் சுமக்கிறது என்பதற்குக் கிடைத்த முதல் சான்று அது. மலேரியாக் கொசுவை ரொனால்ட் ராஸ் பிடிக்க இன்னும் 20 ஆண்டுகள் இருந்தன.

1947-ல் டி.ஈ.சி. மருந்து வந்தது. இந்தியா 1955-ல் தேசிய ஃபைலேரியா கட்டுப்பாட்டுத் திட்டத்தைத் தொடங்கியது. 2004 முதல், நோய் பரவியுள்ள மாவட்டங்களில் ஆண்டுக்கு ஒரு தடவை எல்லோருக்கும் மாத்திரை கொடுக்கும் இயக்கம் நாடு முழுவதும் நடந்தது.

மருத்துவப் பார்வைக்கு நாம் நன்றி சொல்ல வேண்டும். சாபத்தைக் கொன்றது அதுதான். மயிலாப்பூர்ப் பாட்டனுக்கு விடுதலை வாங்கித் தந்தது ஒரு கண்ணாடித் துண்டும் ஒரு துளி ரத்தமும். ஆனால் அதற்கும் ஓர் எல்லை உண்டு. மாத்திரை, ரத்தத்தில் உள்ள குஞ்சுகளை அழிக்கும். ஏற்கனவே பருத்த காலை இளைக்க வைக்காது. ரத்தத்தில் புழு இருந்தும் கால் சாதாரணமாக இருப்பவரைத் திட்டம் தேடித் தேடிப் பிடிக்கிறது. கால் வீங்கியவரின் ரத்தத்திலோ பெரும்பாலும் புழு இருக்காது. ஆகவே அவர் திட்டத்துக்குத் தேவைப்படாதவர். குணமாக்கும் வரைதான் டாக்டருக்கு அக்கறை என்றால், குணமாகாதவர் எங்கே போவது?

ஆகாயத்தாமரையும் மீனும்

கொசு எங்கே பிறக்கிறது என்று கேட்டவர்கள் நான்காவது காரணத்துக்கு வந்து சேர்ந்தார்கள். கேரளத்தில் இரண்டு வகை யானைக்கால் உண்டு. கொச்சிக்குத் தெற்கே சேர்த்தலைப் பகுதியில் பரவிய வகையைச் சுமப்பது மான்சோனியா கொசு. அதன் புழு, தண்ணீரில் மிதக்கும் ஆகாயத்தாமரையின் வேரைத் துளைத்து அதிலிருந்து மூச்சு வாங்குகிறது. செடி இல்லாவிட்டால் கொசு இல்லை. திருவிதாங்கூரில் எம்.ஓ.டி. ஐயங்கார் 1930-களிலேயே இதையெல்லாம் விரிவாக ஆராய்ந்துவிட்டார்.

செடியைப் பிடுங்குங்கள் என்று சொல்வது சுலபம். ஆனால் அந்தச் செடி தென்னைக்கு உரம். குளம் மக்களின் சொத்து. 1980-களில் புதுச்சேரியின் கொசு ஒழிப்பு ஆராய்ச்சி மையம் சேர்த்தலையில் வேறு வழியைக் கையாண்டது. செடியை அகற்றிய குளத்தில் மீன் வளர்க்கக் கற்றுக்கொடுத்தது. மீன் விற்றால் காசு. காசு வருகிற குளத்தில் யாரும் செடியை விட்டுவைக்க மாட்டார்கள். பள்ளிப் பிள்ளைகளும் ஊர்க்காரர்களும் சேர்ந்து கிளம்பினார்கள். நோய்த் தடுப்பு என்பது ஊசிமருந்தாக மட்டும் இருக்க வேண்டியதில்லை, ஒரு கிலோ மீனாகவும் இருக்கலாம் என்று காட்டிய முயற்சி அது.

மட்டாஞ்சேரி மாதிரி நெருக்கமான நகரப் பகுதிகளில் வில்லன் வேறு. அழுக்குத் தண்ணீரில் பெருகும் க்யூலெக்ஸ் கொசு. மூடாத சாக்கடை, நிரம்பி வழியும் செப்டிக் டாங்க், ஓடாத கால்வாய் எல்லாம் அதற்கு மாளிகைகள். கும்பகோணம் யானைக்காலுக்குப் பெயர் வாங்கியதும் இதே கொசுவால்தான். ஒன்றிரண்டு கடியில் யானைக்கால் வந்துவிடாது. மாதக்கணக்கில், வருடக்கணக்கில் கடி வாங்க வேண்டும். பெரும்பாலும் சின்ன வயதில் தொற்றி, வளர்ந்த பிறகுதான் கால் தெரிய வருகிறது. ஆக, ஒருவரின் நாற்பது வயதுக் கால், அவர் பத்து வயதில் குடியிருந்த தெருவின் சாக்கடையைப் பற்றி வாக்குமூலம் கொடுக்கிறது. அந்தச் சாக்கடைக்குப் பொறுப்பானவர்கள் எப்போதோ ஓய்வு பெற்றுப் போயிருப்பார்கள்.

காலா, படியா?

இதுவரை பேசியது கால் ஏன் வீங்கியது என்பதைப் பற்றி. வீங்கிய காலுக்கு உரியவர் ஏன் முடங்கினார் என்பது வேறு கேள்வி. இரண்டையும் பிரித்துக் காட்டியவர்கள் பிரிட்டனின் ஊனமுற்றோர்தான். 1976-ல் அங்குள்ள ஓர் அமைப்பு, உடலில் உள்ள குறை வேறு, அந்தக் குறையின் பேரால் சமூகம் ஏற்படுத்தும் முடக்கம் வேறு என்று அறிவித்தது. 1983-ல் மைக் ஆலிவர் என்ற அறிஞர் இதற்குச் 'சமூக மாதிரி' என்று பெயர் கொடுத்தார்.

கொச்சிக் காலுக்கு இதைப் பொருத்திப் பாருங்கள். கடையில் அந்த அளவில் செருப்பு கிடையாது. வெறுங்காலில் நடந்தால் புண், புண் வழியாகத் தொற்று, தொற்றால் கால் இன்னும் பருக்கும். பஸ் படி முழங்கால் உயரம். கடையில் நாள் முழுவதும் நிற்க வேண்டிய வேலை. குந்தி உட்கார வேண்டிய கழிப்பறை. பக்கத்து சீட்டில் உட்காரத் தயங்குகிற சக பயணி. இவற்றில் எதையும் புழு செய்யவில்லை.

தீவுகளும் காயலுமாகக் கிடக்கும் ஊரில் படகும் ஒரு பாடம் சொல்கிறது. ஆடும் படகுக்கும் அசையாத துறைக்கும் நடுவே எட்டிக் கால் வைப்பது கொச்சிக்காரர்களுக்குப் பிறவிப் பழக்கம். கால் கனத்தவருக்கோ, கண் தெரியாதவருக்கோ, சக்கர நாற்காலியில் இருப்பவருக்கோ அதுவே ஊரின் எல்லை. 2023 ஏப்ரலில் தொடங்கிய கொச்சி வாட்டர் மெட்ரோவில் மிதக்கும் மேடைகள் இருக்கின்றன. தண்ணீர் ஏறினால் மேடையும் ஏறும், இறங்கினால் இறங்கும். படகின் தளமும் மேடையும் ஒரே மட்டத்தில் நிற்கும். 2025-ல் மட்டாஞ்சேரிக்கும் இந்தப் படகு வந்துவிட்டது. பயணியின் கால் பழைய கால்தான், காயலும் பழைய காயல்தான். மாறியது படகுத்துறை. எட்டி வைக்க முடியாதது இனி ஒரு குறையே அல்ல. ஆனால் துறையை விட்டு வெளியே வந்ததும் உடைந்த நடைபாதையும் திறந்த சாக்கடையும் காத்திருந்தால், மிதக்கும் மேடையோடு சலுகை முடிந்தது.

வாளி, சோப்பு, துண்டு

சமூகத்தைச் சரிசெய்துவிட்டால் ஊனமே மறைந்துவிடுமா? யானைக்கால் 'இல்லை' என்கிறது. வருடத்தில் சில தடவை திடீரென்று குளிர்க் காய்ச்சல் அடிக்கும். கால் சிவந்து நெருப்பாய்க் கொதிக்கும். நாலைந்து நாள் படுக்கை. தினக்கூலிக்காரருக்கு நாலைந்து நாள் பட்டினி. இந்த வலியை எந்தச் சாய்தளமும் போக்காது. பிரிட்டனிலேயே டாம் ஷேக்ஸ்பியர் போன்ற ஊனமுற்ற அறிஞர்கள், சமூக மாதிரி உடம்பின் வேதனையை மறந்துவிடுகிறது என்று வாதிட்டார்கள். 2001-ல் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட வகைப்பாடு இரு தரப்பையும் சேர்த்தது. ஊனம் என்பது உடலும் சூழலும் சந்திக்கும் இடத்தில் உருவாவது என்றது.

நல்ல செய்தி, அந்தக் காய்ச்சலைத் தடுக்கப் பெரிய ஆஸ்பத்திரி வேண்டாம். காலை தினமும் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். விரல் இடுக்கு உட்பட ஈரமில்லாமல் ஒற்றித் துடைக்க வேண்டும். சின்ன வெடிப்புக்கும் களிம்பு தடவ வேண்டும். படுக்கும்போது காலை உயர்த்தி வைக்க வேண்டும். கொஞ்சம் பயிற்சி, சரியான செருப்பு. இவ்வளவுதான். பிரேசிலின் ரெசிஃபி நகரில் டாக்டர் ஜெரூசா டிரேயர் இந்த முறையைப் பிரபலமாக்கினார். 1990-களின் இறுதியில் ஆலப்புழை மருத்துவக் கல்லூரியின் யானைக்கால் பிரிவில் நடந்த ஆய்வும், ஒழுங்கான கால் பராமரிப்பே காய்ச்சல் தாக்குதல்களைக் கணிசமாகக் குறைக்கிறது என்று காட்டியது. காசர்கோட்டில் 1999-ல் தொடங்கப்பட்ட தோல் ஆராய்ச்சி நிறுவனம், தோல் மருத்துவத்தோடு ஆயுர்வேதத்தையும் யோகாவையும் இறுக்குக் கட்டுகளையும் சேர்த்துப் பருத்த காலைக் குறைக்க முடியும் என்று நிறுவியது. விரைவீக்கத்துக்கு அறுவை சிகிச்சை இருக்கிறது.

ஆனால் ஒரு வாளி சுத்தமான தண்ணீர் தினமும் வேண்டும். லாரித் தண்ணீரை நம்பி இருக்கும் வீட்டில், சமையலுக்கா காலுக்கா என்ற கேள்வி வந்தால் எது ஜெயிக்கும்? அதுவும் அந்தக் கால் வீட்டுப் பெண்ணுடையது என்றால்? புடவை மறைத்துவிடும் என்பதாலேயே பெண்களின் கால் கடைசியில்தான் டாக்டரிடம் வருகிறது. தண்ணீர்தான் காரணம் என்று சொன்ன டச்சுக்காரர்களிடம் முந்நூறு ஆண்டு கழித்துத் திரும்ப வேண்டியிருக்கிறது. ஆனால் இந்த முறை தண்ணீர்தான் மருந்து.

பட்டியலில் இல்லாத பெயர்

கடைசியாகச் சட்டம். ஆங்கிலேயர் எடுத்த மக்கள்தொகைக் கணக்கில் பைத்தியம், செவிட்டூமை, குருடு, தொழுநோய் என்று நான்கு 'குறைகள்' எண்ணப்பட்டன. அந்நாள் அதிகாரிகள் எழுதிய சொற்கள் அவை. கொச்சின் லெக் அகராதியில் ஏறியது, ஆனால் இந்தப் பட்டியலில் ஏறவில்லை. 1995-ம் ஆண்டு ஊனமுற்றோர் சட்டம் 7 வகைகளைச் சொன்னது. 2016-ம் ஆண்டு சட்டம் அதை 21 ஆக்கியது. தொழுநோயிலிருந்து குணமானவர் இரண்டிலும் இருக்கிறார். யானைக்காலுக்கு இரண்டிலும் தனிப் பெயர் இல்லை. சில மாநிலங்களில் நடமாட்ட ஊனம் என்ற வகையில் சான்றிதழ் கொடுக்கிறார்கள். தமிழக அரசு முற்றிய நிலை யானைக்கால் நோயாளிகளுக்கு மாதாந்தர உதவித்தொகை தருகிறது. மற்றபடி எல்லாம் அந்தந்த மருத்துவக் குழுவின் மனதைப் பொறுத்தது.

இத்தனைக்கும் 2016 சட்டத்தின் இலக்கணம் தாராளமானது. நீண்ட காலக் குறைபாடு ஒன்று, சூழலில் உள்ள தடைகளோடு மோதி, ஒருவர் மற்றவர்களுக்குச் சமமாகப் பங்கேற்பதைத் தடுத்தால் அவர் ஊனமுற்றவர். இந்தியா 2007-ல் ஏற்ற ஐ.நா. உடன்படிக்கையின் மொழி இது. ஆனால் பெரும்பாலான சலுகைகளுக்கு வாசலில் 40 சதவீதம் என்ற தாழ்ப்பாள் இருக்கிறது. எழுதும்போது கை இழுத்துக்கொள்ளும் குறை உள்ள ஓர் இளைஞருக்கு, சிவில் சர்வீஸ் தேர்வில் உதவிக்கு ஆள் வைத்துக்கொள்ளும் உரிமை மறுக்கப்பட்டது. 2021 பிப்ரவரியில் சுப்ரீம் கோர்ட், 40 சதவீதத்தை எட்டாதவருக்கும் இந்த உரிமை உண்டு என்றது. 2024 நவம்பரில் அதே கோர்ட், பொது இடங்களை எல்லோரும் பயன்படுத்தும்படி அமைக்கும் விதிகள் வெறும் ஆலோசனையாக இருக்க முடியாது, கட்டாயமாக்குங்கள் என்று மத்திய அரசுக்குச் சொன்னது.

விளக்கம் மாறினால் எண்ணிக்கை எப்படி மாறும் என்பதற்கு ஓர் உதாரணம். 2011 கணக்கெடுப்பின்படி இந்தியாவில் ஊனமுற்றோர் 2.68 கோடி, அதாவது 2.21 சதவீதம். உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டில் உலக மக்களில் 16 சதவீதம் பேர் கணிசமான ஊனத்தோடு வாழ்கிறார்கள். இந்தியர்களின் உடம்பு உலகத்தார் உடம்பைவிட ஏழு மடங்கு திடமானது என்று யாரும் வாதிட மாட்டார்கள். கேள்வியை எப்படிக் கேட்கிறோம் என்பதில் இருக்கிறது வித்தியாசம்.

கேள்வி கேட்கச் சொல் வேண்டும். உலக சுகாதார நிறுவனம் 1980-ல் உடலின் குறை, செயலின் தடை, சமூகத்தில் ஏற்படும் பின்னடைவு ஆகிய மூன்றுக்கும் மூன்று தனிச் சொற்கள் வைத்தது. தமிழில் மூன்றையும் 'ஊனம்' என்ற ஒரே பைக்குள் திணித்துவிடுகிறோம் என்பது இந்தத் துறையில் மொழிபெயர்ப்பவர்கள் தினமும் முட்டிக்கொள்ளும் சுவர். கருணாநிதி முதல்வராக இருந்தபோது 'மாற்றுத்திறனாளி' அரசு வழக்குக்கு வந்தது. கேரளத்தில் 'பின்னசேஷி'. பிரதமர் மோடி 2015-ல் 'திவ்யாங்' என்றார்; தெய்வீகம் வேண்டாம், உரிமை போதும் என்று ஊனமுற்றோர் அமைப்புகள் பல ஆட்சேபித்தன. நல்ல சொல் நல்லதுதான். தெருவில் கேலியாக ஒலிக்கும் பெயரை அது அலுவலகத்திலாவது தடுக்கும். ஆனால் 21 வகைக்குள் வராதவருக்கு எந்தச் சொல்லும் சொந்தமில்லை. 'மந்தன்' என்ற பழைய சொல்தான் மிச்சம். இரண்டு மந்துக் காலையும் மண்ணில் புதைத்துக்கொண்டு, ஒரு கால் மந்தனை 'மந்தா' என்று கூப்பிடுகிறவனைப் பற்றி மலையாளத்தில் ஒரு பழமொழி உண்டு. ஊனத்தைப் பற்றிய சமூகவியல் முழுவதும் அதில் அடக்கம்.

யாரை எண்ணுவது?

யானைக்காலை ஒழிக்கும் தேதி நமக்குப் பழகிப்போன ஒன்று. 2002-ம் ஆண்டு சுகாதாரக் கொள்கை 2015 என்றது. 2017-ம் ஆண்டுக் கொள்கை அதே ஆண்டு என்றது. 2023-ல் மத்திய அரசு 2027 என்று அறிவித்தது. முடியாத காரியம் அல்ல. பக்கத்து இலங்கை 2016-லேயே ஒழித்துவிட்டதாக உலக சுகாதார நிறுவனத்தின் அங்கீகாரம் பெற்றுவிட்டது.

ஆனால் 'ஒழிப்பு' என்பது ரத்தத்தில் புழு பரவுவதை நிறுத்துவது. அது நடந்த மறுநாளும் வீங்கிய கால்கள் வீங்கியபடியே இருக்கும்; இன்னும் முப்பது, நாற்பது ஆண்டுகள் அவற்றோடு மனிதர்கள் வாழ்வார்கள். ஆகவேதான் சான்று கேட்டு விண்ணப்பிக்கும் நாடு, ஏற்கனவே பாதிக்கப்பட்டோருக்கு என்ன பராமரிப்பு கிடைக்கிறது என்பதையும் காட்ட வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் நிபந்தனை வைத்திருக்கிறது. புழுவை எண்ணியாயிற்று, இனி காலையும் எண்ண வேண்டும்.

பாவம், தண்ணீர், புழு, சாக்கடை, படி, பட்டியல் என்று காரணங்கள் மாறியிருக்கின்றன. ஒவ்வொன்றிலும் கொஞ்சம் உண்மை இருந்தது, சாபத்தில் மட்டும் எதுவும் இல்லை. ஆனால் ஒவ்வொரு முறையும் சுமை டாக்டரிடமிருந்து நகராட்சிக்கும், நகராட்சியிலிருந்து கோர்ட்டுக்கும், கோர்ட்டிலிருந்து மருத்துவக் குழுவுக்கும் நகர்ந்து, கடைசியில் பாதிக்கப்பட்டவரிடமே திரும்பி வந்திருக்கிறது. பத்ரகாளியால் முடிந்ததும் அதுதான், ஒரு காலிலிருந்து இன்னொரு காலுக்கு. கொச்சங்காடியிலோ கும்பகோணத்திலோ கால் கனத்த ஒரு பெண்ணுக்கு இப்போது தேவைப்படுவது இன்னொரு விளக்கம் அல்ல. தினமும் ஒரு வாளி சுத்தத் தண்ணீர், அளவான ஒரு ஜோடிச் செருப்பு, ஏற முடிகிற ஒரு படி, பெயர் சொல்லி ஏற்றுக்கொள்ளும் ஒரு பட்டியல். இந்த நான்கையும் தர வேண்டியவர்கள் யார் என்பதில் யாருக்கும் சந்தேகம் இருக்க முடியாது.